ஜன்னல் வைத்த பிளாஸ்திரி

மலையம்மாள் வயிற்றுப்போக்கு முற்றி, கண் குழி விழுந்து, பேச்சு எழாமல் ஆட்டோவில் வந்து இறங்கியவள். உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஓர் ஊர். இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றியதில் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். புறங்கையில் ஊசிக்குழாய் குத்தியிருந்த இடம் சிவந்து, மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருந்தது.

"ஏன் சிஸ்டர், நான் வயித்துக்குத்தான வந்தேன்? வயித்தை நல்லாக்கிட்டு கையைக் கெடுத்து அனுப்புறீகளே. நாளைக்குக் களை எடுக்க உங்க டாக்டரா வருவாரு?"

வார்டே சிரித்தது. தலைமை நர்ஸ் சூடாமணியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் மலையம்மாள் மேலும் இரண்டு நாள் படுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் சூடாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மதுரையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அது இருபத்தோராவது வருஷம். இந்தக் கை எப்படி வீங்குகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஊசிக்குழாய் ஆடாமல் இருக்கப் பிளாஸ்திரியை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார்கள். சித்திரை வெயிலில் வார்டு வெந்து கிடக்கும். வேர்வையில் பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பும், குழாய் ஆடும், குத்திய ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போகும். மேலே பிளாஸ்திரி மூடியிருப்பதால் அடியில் தோல் சிவப்பது யார் கண்ணுக்கும் படாது. நோயாளி வலிக்கிறது என்று சொல்லிப் பிரித்துப் பார்க்கும்போது காரியம் மிஞ்சியிருக்கும்.

இது நடந்தது இரண்டாயிரத்தாம் வருஷம் ஏப்ரலில். அடுத்த மாதம் செவிலியர் தினம் வந்தது. நிர்வாகம் அந்த வருஷம் கேக் வெட்டுவதோடு நிறுத்தாமல், பசுமலையில் ஒரு கல்லூரி அரங்கைப் பிடித்து நர்ஸுகளுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தது. வகுப்பு எடுக்க வந்தவன் பெயர் கார்த்திகேஷ். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். அந்த வெயிலிலும் கழுத்தில் டை. எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தான்.

"பத்து வருஷத்துல நீங்க என்ன சாதிக்கணும்னு ஆசைப்படுறீங்களோ, அதை ஒரே வரியில எழுதுங்க."

சூடாமணி யோசிக்கவே இல்லை. 'கோச்சடை வீட்டு மாடியில் ஒரு ரூம்' என்று எழுதினாள். கார்த்திகேஷ் ஒவ்வொரு வரிசையாக வந்து எட்டிப் பார்த்தான்.

"மேடம், இன்னும் கொஞ்சம் பெருசா யோசிக்கலாமே."

அவள் 'ஒரு' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று திருத்தினாள். பக்கத்தில் இருந்த நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எண்ணிக்கையை இல்ல மேடம், எண்ணத்தைப் பெருசாக்குங்க!" என்று அவன் மேடைக்குரலில் சொன்னதும் அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

சூடாமணிக்குச் சுருக்கென்றது. தன் மகளை விட ஐந்தாறு வயது மூத்தவன், அவ்வளவுதான், இத்தனை பேர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருத்துவதுபோலத் திருத்துகிறான். தாளைத் திருப்பி, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: 'இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் ட்ரிப்ஸ் போட்ட கை வீங்கக் கூடாது.' எழுதியதைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் சத்தமாகப் படித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "மேடம்... இது கொஞ்சம் ரொம்பப் பெருசா இருக்கே?"

இந்தத் தடவை சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. சூடாமணிதான் முதலில் சிரித்தாள்.

கோபத்தில் எழுதியதுதான். ஆனால் டவுன் பஸ்ஸில் கோச்சடைக்குத் திரும்பும்போது அந்த வரி கூடவே வந்தது. ஏன் கூடாது? வெட்டவும் மடிக்கவும் வேண்டாத ஒரே துண்டு. கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்திரி. அதன் நடுவில், ஊசி குத்திய இடத்தில் சரியாக உட்காருகிற மாதிரி, கிருமிகொல்லி மருந்து ஊறிய பொட்டளவு பஞ்சு. உறையைப் பிரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. மருந்து கிருமியைப் பார்த்துக்கொள்ளும், பிளாஸ்திரி குழாயைப் பிடித்துக்கொள்ளும், நர்ஸ் கண்ணால் தோலைப் பார்த்துக்கொள்வாள். காளவாசலில் இறங்கி மாற வேண்டியவள் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டு நடந்து வந்தாள்.

அவள் கணவர் சௌரிராஜனுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. மகள் ரம்யாஸ்ரீ பி.ஃபார்ம் இரண்டாம் வருஷம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சூடாமணி விஷயத்தைச் சொன்னதும் மகள் கையில் எடுத்த சப்பாத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, மருந்து தனி, பிளாஸ்திரி தனின்னுதான் எங்களுக்குப் பாடமே இருக்கு. நீ ரெண்டையும் ஒண்ணாக்கச் சொல்ற."

"ஆகாதா?"

"ஆகாதுன்னு யாரு சொன்னா? அயோடின் மட்டும் வேணாம். தோலைப் பழுப்பாக்கிடும். அப்புறம் சிவந்திருக்கா இல்லையான்னு எப்படிப் பார்ப்ப? நிறமில்லாத மருந்து வேணும். எங்க சார்கிட்ட கேக்குறேன்."

மருந்துக்கு வழி கிடைத்தது. பிளாஸ்திரிக்கு யார்? செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி சாலையில், தன் மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பிளாஸ்திரியும் பேண்டேஜும் செய்துகொண்டிருந்தார் கருத்தக்கண்ணன். அவள் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் சரக்குப் போடுகிறவர். வாரம் ஒருமுறை தானே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருவார். ஆள் கறுப்பாக, கட்டையாக, சிரித்தால் மீசை மட்டும் அசையும்.

சூடாமணி படம் வரைந்து காட்டியதும் அவர் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சது துணியும் பசையும் சிஸ்டர். மருந்துன்னா எனக்கு ஊசி போடுறதே பயம்."

"பசையும் பிளாஸ்திரியும் உங்க பொறுப்பு அண்ணே. மருந்து எங்க பொறுப்பு."

"கண்ணாடி மாதிரி இருக்கணுங்கிறீங்க. ஜன்னல் வச்ச பிளாஸ்திரி." அந்தப் பேர் அவருக்கே பிடித்துவிட்டது. மீசை அசைந்தது. "சரி, ஒரு கை பார்ப்போம்."

முதல் வேலை, மருந்து இல்லாமல் வெறும் ஒட்டு நிற்கிறதா என்று பார்ப்பது. வேர்க்கிற கை வேண்டும், குளிக்கிற கை வேண்டும், நாள் முழுக்க வேலை செய்கிற கை வேண்டும். வீட்டிலேயே அப்படி இரண்டு கை இருந்தது. சௌரிராஜனின் முன்னங்கை முழுக்கக் கரடிமாதிரி ரோமம். அவர் இரண்டு கையிலும் நான்கு நான்கு துண்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எந்தத் துண்டு எத்தனை மணிக்கு ஓரம் கிளம்பியது என்று சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் சூடாமணி உரித்தாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி என்றாலும், வலி வந்தால் மட்டும் அவருக்குத் தமிழ்தான் வரும்.

"ஐயோ அம்மா! கொல்றாளே!"

"இது நல்ல பசை," என்று சூடாமணி எழுதிக்கொண்டாள்.

"ஒரு கை மொட்டையாப் போச்சுடி. ஆபீஸ்ல கேக்குறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி ஆராய்ச்சி பண்றான்னு சொன்னேன். நாளையிலிருந்து அவங்களும் கையை நீட்டுறாங்களாம். நாலு பேருக்குத் துண்டு கொடு."

இப்படியாகத் தொலைபேசி நிலையத்தில் பாதிப் பேர் ஒரு கோடை முழுக்கக் கையில் கண்ணாடித் துண்டோடு திரிந்தார்கள். உரிக்கும்போது வலிக்காமல், வேர்வையில் கிளம்பாமல் நிற்கிற பசையைக் கருத்தக்கண்ணன் பதினோராவது தடவையில் பிடித்தார். மருந்துப் பஞ்சை ரம்யாஸ்ரீ கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் ஊறவைத்து, கிருமி வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்தாள். பஞ்சைச் சுற்றிக் கிருமி செத்து, நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியதுபோலத் தெளிவாக இருந்தது. மூன்று பேரும் சௌரிராஜனும் மாட்டுத்தாவணிக்குப் போகிற வழியில் ஜிகர்தண்டா குடித்துக் கொண்டாடினார்கள்.

கொண்டாடியது கொஞ்சம் அவசரம். இரண்டையும் சேர்த்து உறையில் போட்டு மூன்று வாரம் வைத்துப் பிரித்தால், பஞ்சைச் சுற்றிப் பசை கூழாக வழிந்து கிடந்தது. பஞ்சில் மருந்தையும் காணோம். பாதியைப் பசை குடித்திருந்தது.

"மருந்து தனியா நல்ல மருந்து. பசை தனியா நல்ல பசை," என்றாள் ரம்யாஸ்ரீ. "சேர்த்து வச்சா ரெண்டும் கெட்டுப் போகுது."

"எங்க சொந்தத்துல நாலு கல்யாணம் இப்படித்தான் இருக்கு," என்றார் கருத்தக்கண்ணன்.

ஏழு மாதம் பசையை மாற்றினார்கள், மருந்தின் அளவை மாற்றினார்கள், உறையை மாற்றினார்கள். வழிவது நிற்கவில்லை. ஒருநாள் சூடாமணி கொட்டகைக்குப் போயிருந்தபோது கருத்தக்கண்ணனைக் காணவில்லை. அவர் மனைவி முத்துத்தாய் காட்டைக் கைகாட்டினாள். பக்கத்துக் காட்டுக்காரன் பாய்ச்சிய தண்ணீர் இவர் சோளத்துக்குள் வந்துவிட்டது என்று மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். உடைந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தவர், மிதித்த காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"சிஸ்டர்," என்றார். "நம்ம பிளாஸ்திரியில வரப்பு இல்ல."

"என்னது?"

"பஞ்சு ஒரு வயக்காடு. பசை ஒரு வயக்காடு. நடுவுல வரப்பு இல்லாம ரெண்டையும் ஒட்ட வச்சிருக்கோம். மருந்து பாயாம என்ன செய்யும்? பஞ்சைச் சுத்திப் பசையே இல்லாம ஒரு வட்டம் விடுவோம். பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் இடையில மருந்து இறங்காத ஒரு தகடு. அம்புட்டுத்தான்!"

மண் ஒட்டிய காலோடு கொட்டகைக்கு ஓடினார். அன்று சாயங்காலமே கையால் வெட்டி நாற்பது துண்டு செய்தார்கள். மூன்று வாரம் வைத்தார்கள். பிறகு மூன்று மாதம். பிறகு, மகள் படிப்பை முடித்து அதே கல்லூரியில் மேல்படிப்புக்குச் சேரும் வரைக்கும். பசை பசையாகவே இருந்தது, மருந்து மருந்தாகவே இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கஷ்டம். அனுமதி வாங்கச் சென்னையில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். பிளாஸ்திரிகளைப் பார்க்கிற மேஜையில் இருந்தவர், "இதுல மருந்து இருக்கே, அங்க போங்க" என்றார். மருந்தைப் பார்க்கிற மேஜையில் இருந்தவர், "இது பிளாஸ்திரிதானே, அங்க போங்க" என்றார். மூன்று தடவை ரயிலேறிப் போய் மூன்று தடவையும் இதே பதில். நான்காவது தடவை, அந்த மேஜைகளுக்கு மேலே இருந்த அதிகாரியின் அறைக்கு வெளியே காலையிலிருந்து உட்கார்ந்து, மூன்று மணிக்கு உள்ளே போனாள் சூடாமணி.

"இது மருந்தா, பிளாஸ்திரியாம்மா? ஒண்ணைச் சொல்லுங்க."

"சார், மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"சாம்பார் சாதம். எதுக்கு?"

"அது சோறா, குழம்பா சார்?"

அதிகாரி பேனாவை மூடினார். பக்கத்தில் நின்ற எழுத்தர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எது முதல் வேலை, எது துணை வேலை, மருந்து உடம்புக்குள் எவ்வளவு போகிறது, குழந்தைக்கு ஒட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்ட கேள்விகளில் பாதி சூடாமணிக்கே தோன்றாதவை. கடைசியில் சொன்னார்: "மருந்து துளியா இருந்தாலும் மருந்துதான். மருந்து செய்யிற இடத்துக்கு என்ன விதியோ அதே விதி. சுவர், தரை, காத்து எல்லாம் சுத்தமா இருக்கணும். படிச்ச மருந்தாளுநர் இருக்கணும். அதைச் செஞ்சுட்டு வாங்க, நோயாளிகள்கிட்ட சோதிச்சுப் பார்க்க அனுமதிக்கு வழி பார்க்கலாம். நல்ல யோசனைம்மா இது."

திரும்பும் ரயிலில் திண்டுக்கல் தாண்டியதும் கருத்தக்கண்ணன் பேச்சை எடுத்தார்.

"எனக்கு இது தாங்காது சிஸ்டர்," என்றார். "தகரக் கொட்டகையைப் பிரிச்சுட்டு மருந்துக் கம்பெனி கட்டணுமாம். மருந்தை விட்டுருவோம். வெறும் ஜன்னல் பிளாஸ்திரி போடுவோம். அதுக்கே ஆஸ்பத்திரிக்காரங்க கியூவுல நிப்பாங்க."

அவர் சொன்னது தப்பில்லை. வெறும் பிளாஸ்திரியே இருப்பதை விட நல்லதுதான். சூடாமணிக்கும் களைப்பாக இருந்தது. நாற்பத்தேழு வயதாகிவிட்டது, மூட்டு வலிக்கிறது, இதை இதோடு முடித்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் மருந்தை அடியோடு விட்டுவிட மனம் வரவில்லை.

"போடுங்க அண்ணே," என்றாள். "பாதி வேலைக்கும் ஒரு மதிப்பு இருக்கு. நான் மீதியைச் செய்ய வேற ஆளைத் தேடுறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்குச் சரக்கை ஆள்விட்டு அனுப்பினார். நான்காவது வாரம் தானே வந்தார். மொபெட்டில் பிளாஸ்திரிப் பெட்டிகளுக்கு மேலே தரையில் ஒட்டுகிற ஓடுகள் நாலைந்து மாதிரி கட்டியிருந்தது.

"இதுல எது வழுவழுன்னு துடைக்க வரும், பாத்துச் சொல்லுங்க."

"என்ன அண்ணே திடீர்னு?"

கருத்தக்கண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முத்துத்தாய் ஊர் முழுக்க எங்க வீட்டுக்காரரு மருந்துக் கம்பெனி வைக்கிறாருன்னு சொல்லிப்புட்டா. கோயில் நன்கொடை நோட்டீஸ்ல 'மருந்துக் கம்பெனி கருத்தக்கண்ணன்'னு போட்டுட்டானுங்க. இனிமே பிளாஸ்திரின்னு சொன்னா ஒருத்தனும் என்னைய மதிக்க மாட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், நீங்க வேற ஆளைத் தேடுறேன்னு சொன்னீங்க பாருங்க. வேற எவன் சிஸ்டர் அந்த வரப்பைச் சரியாப் போடுவான்?"

வங்கிக் கடன் வாங்கி, கொட்டகையைப் பிரித்து, செங்கல் சுவர் எழுப்பி, காற்றை வடிகட்டுகிற இயந்திரம் வைத்து முடிக்க ஒன்றரை வருஷம். மருந்தாளுநர் வேலைக்கு ரம்யாஸ்ரீயே சேர்ந்தாள். உள்ளே போகிறவர்கள் தலைக்கு உறை, காலுக்கு உறை போட வேண்டும் என்று அவள் சட்டம் போட்டாள். முதலாளி மீசைக்கும் உறை போட வேண்டியதாயிற்று.

நெறிமுறைக் குழுவின் சம்மதத்தோடு சூடாமணியின் ஆஸ்பத்திரியிலேயே சோதனை நடந்தது. இருநூறு நோயாளிகள். விஷயத்தைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பாதிப் பேருக்குப் பழைய பிளாஸ்திரி, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். இரண்டாம் நாளே வார்டில் கலகம்.

"பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் ஜன்னல் வச்சிருக்கு. எனக்கு ஏன் வைக்கல?" என்று சின்னச்சாமி என்கிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கேட்டார். "நானும் பில்லு கட்டுறவன்தான?"

"சீட்டுல அப்படி விழுந்துச்சு ஐயா."

"அப்ப மறுபடி குலுக்குங்க!"

மறுபடி குலுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அவர் எழுந்து பக்கத்துக் கட்டில்காரர் கையைக் குனிந்து பார்த்து, "சிவக்கல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போனார். நான்கு மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது, பழைய பிளாஸ்திரி போட்ட நூறு பேரில் இருபத்திரண்டு பேருக்குக் கை வீங்கியிருந்தது. ஜன்னல் போட்டவர்களில் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் சிவக்க ஆரம்பித்த உடனேயே நர்ஸ் பார்த்துவிட்டதால் ஒரே நாளில் தணிந்தது.

ரம்யாஸ்ரீ அந்தத் தாளைப் படித்துச் சொன்னபோது சூடாமணி நர்ஸுகள் அறையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மகள் பின்னால் வந்து, "அழுறியாம்மா?" என்றாள்.

"இல்லடி. ஆறு பேருக்கு ஏன் வீங்குச்சுன்னு யோசிக்கிறேன்," என்றாள். அழுததும் உண்மை, யோசித்ததும் உண்மை.

உரிமம் இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் கிடைத்தது. அந்த வருஷம் சூடாமணி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மாதிரிப் பெட்டிகளோடு ஊர் ஊராகக் கிளம்பினாள். டாக்டர்களைப் பார்க்க வரிசையில் நிற்பதில்லை. நேரே வார்டுக்குப் போய் நர்ஸுகளோடு உட்கார்ந்தாள். அவள் ஒட்டிக் காட்டுவதைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும். தேனி, விருதுநகர், ராமநாதபுரம் என்று ஆர்டர் வரத் தொடங்கியது. தமிழ்நாட்டைத் தாண்டி முதல் பெட்டி பாலக்காட்டுக்குப் போன அன்று கருத்தக்கண்ணன் லாரிக்குத் தேங்காய் உடைத்தார்.

திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் ஆர்டருக்குப் பதில் புகார் வந்தது. சூடாமணி பஸ் ஏறிப் போனாள். அங்கே பிருந்தா என்ற இளம் நர்ஸ் பிறந்து பத்து நாளான ஒரு பெண்குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். கை என்று சொல்ல முடியாது, மொட்டு என்று சொல்லலாம். ஜன்னல் பிளாஸ்திரியை ஒட்டியதில் விரல் முதல் முழங்கை வரை பொட்டலம் கட்டியதுபோல இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள் பிருந்தா. "ஆனா எங்க பிள்ளைங்களுக்கு இது பிளாஸ்திரி இல்ல, போர்வை."

சூடாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தை கண்ணை விழித்து, யார் இது என்பதுபோல அவளைப் பார்த்தது. அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து அந்த மணிக்கட்டை அளந்தாள், இரண்டு தடவை. தோல் இவ்வளவு மெல்லியதென்றால் மருந்தையும் குறைக்க வேண்டும், ரம்யாஸ்ரீயிடம் கேட்க வேண்டும், மறுபடி சென்னைக்குப் போக வேண்டும், அந்த அதிகாரி மறுபடி ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்பார். வெளியே வந்து செல்போனில் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எம்புட்டுச் சின்னதா வரப்புப் போட முடியும்?"

"ஏன் சிஸ்டர்?"

"தீப்பெட்டியில பாதி அளவுக்குப் பிளாஸ்திரி. அதுக்குள்ள வரப்பு, அதுக்குள்ள பஞ்சு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவர் நிறுத்துவது கேட்டது.

"அளவு எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப அங்க நின்னு என்ன பேச்சு? பஸ் ஏறுங்க. செக்கானூரணி ஸ்டாப்புக்கு நானே வாரேன்."

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.